இருமல் அக்கா

அக்காவுக்கு முதன்முதலில் வந்த இருமல் உண்மையான இருமல்தான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். மழையில் நனைந்து, சளி பிடித்து, விலா எலும்பெல்லாம் வலிக்க இருமினாள். மருந்துக்கடைக்காரர் பழுப்பு நிற பாட்டிலில் ஒரு சிரப்பைக் கொடுத்து, காலையில் ஒரு மூடி, மாலையில் ஒரு மூடி என்று சொல்லி அனுப்பினார். ஒரு வாரத்தில் இருமல் ஓடிப்போனது. சிரப் போகவில்லை. அது வருஷக்கணக்கில் அவளோடு குடித்தனம் நடத்தியது.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஜெராக்ஸ் கடைக்கும் சாவி போடுகிறவருக்கும் நடுவில், நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய அளவில் ஓர் ஆல்டரேஷன் கடை. அங்கே புதுத்துணி தைக்க மாட்டார்கள். தைத்த துணியைத் திருத்துவார்கள். பேண்ட்டின் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, தொப்பை போட்டவர்களுக்கு ஓரம் பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது. முதலாளி துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷினில் உட்காருவார், மற்றதெல்லாம் அக்கா. ஜிப் மாற்றுவதில் அவளை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. வாயும் கையளவுக்கு வேகம். "ரொம்ப வருஷமா போடற கோட்டும்மா, திடீர்னு பட்டன் மாட்ட மாட்டேங்குது" என்று ஒருவர் புலம்பினால், "கோட்டு அதேதான் சார், நீங்கதான் வேற ஆளு" என்பாள். வந்தவர் சிரித்துக்கொண்டேதான் போவார்.

தெருவில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவள் அக்காதான். சொந்தத் தங்கை ஒருத்தி உண்டு. தங்கைக்கு ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை, அவள் புருஷன் வெளியூர் பஸ் ஓட்டுகிறவர். அவர்கள் வீட்டு மாடியில் இருந்த ஒற்றை அறையில் அக்கா தனியாக இருந்தாள். கட்டியவன் வேலைக்கென்று எங்கோ போய், போன இடத்திலேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அந்தப் பேச்சை யாராவது எடுத்தால் அக்கா கத்தரியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். அதற்கு மேல் கேட்கிற தைரியம் யாருக்கும் வராது.

அவளுடைய உயிர் எங்கே இருந்தது என்றால் தங்கையின் மகளிடம் இருந்தது. நாலு வயசுப் பாப்பா. மதியம் பள்ளி விட்டதும் அக்காதான் போய்க் கூட்டி வருவாள். கடையில் வெட்டுத்துணி மூட்டைமேல் உட்கார வைப்பாள், சோறு ஊட்டுவாள், உடைந்த ஜிப்பை விளையாடக் கொடுப்பாள். "பெரிம்மா, இது ஏன் பல்லு கடிக்குது?" "பசிக்குதாம் கண்ணு." சாயங்காலம் தங்கை வந்து இழுத்தால்கூடப் பாப்பா அக்காவின் கழுத்தை விட மாட்டாள். தங்கைக்கு அதில் கொஞ்சம் பொறாமை இருந்தது, ஆனால் நிம்மதியும் இருந்தது. இந்தக் காலத்தில் பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்க யார் கிடைக்கிறார்கள்?

இப்போது அக்காவின் தலைக்குள் நடந்ததைச் சொல்ல வேண்டும். இளவயதிலிருந்தே அவளுக்கு ஒரு கோளாறு. சில மாதங்கள் படுக்கையிலிருந்து எழுந்து பல் துலக்குவதே பெரும்பாடாக இருக்கும். ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தவள் ஊசியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், நேரம் போய்விடும். அப்புறம் அது தானாக மாறும். தூக்கம் தேவைப்படாது, பசி தெரியாது, தலைக்குள் பத்து தையல் மெஷின் ஒரே நேரத்தில் ஓடும், பேச்சு பேச்சைத் துரத்தும். அப்படிப்பட்ட ஒரு வாரத்தில் தங்கை வீட்டுக்கு மொத்தமாக வெள்ளையடித்துவிட்டு, பக்கத்து வீட்டுச் சுவரையும் கேட்காமல் அடித்துக் கொடுத்தாள். முதல் வகை நாட்களுக்கு வீட்டில் "மூடு சரியில்லை" என்று பெயர் வைத்தார்கள். இரண்டாவது வகை நாட்களுக்கு "சுறுசுறுப்பு" என்று பெயர். நோய் என்ற பெயரை யாருமே வைக்கவில்லை.

சளி பிடித்திருந்த அந்த வாரத்தில் மெஷின்கள் பத்தும் ஓடிக்கொண்டிருந்தன. சிரப் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக நின்றன. அடடா, இவ்வளவுதானா விஷயம் என்று அக்காவுக்குத் தோன்றிவிட்டது. வாழ்நாளில் முதல்முறையாகத் தலைக்குள் சத்தம் இல்லை. மந்தமான நாட்களிலும் குடித்துப் பார்த்தாள். துக்கம் போகவில்லை, ஆனால் தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு மூடி இரண்டு மூடி ஆனது. பிறகு மூடியே தேவைப்படவில்லை.

சிரப் வேண்டுமென்றால் இருமல் வேண்டும். அங்கேதான் அக்காவின் பாடு தொடங்கியது. இல்லாத இருமலை அன்றாடம் உற்பத்தி செய்வது என்ன லேசுப்பட்ட வேலையா? ஒரே கடையில் வாங்கினால் முகம் பதிந்துவிடும் என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு மருந்துக்கடை பாக்கியில்லாமல் போனாள். வாசலிலேயே ஆரம்பிக்கிற வறட்டு இருமல் ஒன்று. கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நெஞ்சிலிருந்து வருகிற சளி இருமல் ஒன்று. கேள்வி கேட்கிற கடைக்காரருக்கென்று, கண்ணில் நீர் கட்டும் இருமல் ஒன்று. வாங்கி வந்தால் போதாது, வீட்டிலும் கடையிலும் இருமலைத் தொடர வேண்டும். இல்லாவிட்டால் பாட்டில் எதற்கு என்று கேட்பார்களே! தெருவில் இருமல் அக்கா என்றே பேர் விழுந்துவிட்டது. சாவிக்காரர், "அக்கா, உங்க இருமலைக் கேட்டுத்தான் நான் மணியே பாக்கறேன்" என்பார்.

தங்கை மட்டும் கிண்டல் செய்யவில்லை. தினமும் காலையில் வெந்நீர் வைத்து மாடிக்குக் கொண்டுவந்தாள். நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப்போனாள். எக்ஸ்ரே பளிச்சென்று இருந்தது. டாக்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தூசி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, துணிக்கடை வேலை அல்லவா என்றார். அன்று வீட்டுக்கு வந்ததும் தங்கை மாடி அறையை மூலை முடுக்கெல்லாம் துடைத்தாள். அவள் குனிந்து துடைப்பதைப் பார்த்துக்கொண்டு அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கும் சேர்த்து அன்று கொஞ்சம் கூடுதலாகக் குடித்தாள்.

குட்டு வெளிப்பட்டது பாப்பாவின் விளையாட்டில். கடைக்கு விடுமுறை நாள் அது. பாப்பாவை மாடியில் அக்காவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போன தங்கை சீக்கிரமே திரும்பிவிட்டாள். அறைக்கதவு திறந்திருந்தது. பாயில் அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டடி தள்ளி உட்கார்ந்து பாப்பா பொம்மைக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். "இப்ப நான் பெரிம்மா. சரியா?" என்று பொம்மையிடம் சொல்லிவிட்டு, நெஞ்சில் கை வைத்து லொக் லொக்கென்று இருமினாள். சுவரைப் பார்த்துத் திரும்பி ஒரு மூடியை வாயில் கவிழ்த்தாள். "பெரிம்மா கொஞ்சம் படுக்கறேன், சத்தம் போடாத" என்று பொம்மையை அதட்டிவிட்டுச் சாய்ந்தாள்.

தங்கைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அச்சு அசலாக அக்காவேதான்! சிரித்துக்கொண்டே பிள்ளையைத் தூக்கி முகவாயைத் துடைத்தாள். விரலில் பிசுக்கென்று ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள். பாப்பாவின் கண் சொருகிக்கொண்டிருந்தது.

"அக்கா! அக்கா, எவ்ளோ குடிச்சா? சொல்லித் தொலை!" தோளைப் பிடித்து உலுக்கினாள். அக்காவுக்கு விழிப்பு வரவே நேரமானது. விழித்தபோதும், "என்ன... என்ன இப்போ..." என்று குழறினாள்.

பாப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, மூச்சைப் பார்த்துக்கொண்டே இருந்து, மறுநாள் அனுப்பிவிட்டார்கள். ஆனால் பணியில் இருந்த டாக்டர் பாட்டிலை வாங்கிப் பார்த்து, வீட்டில் யாருக்கு இருமல், எவ்வளவு காலமாக என்று கேட்டார். தங்கை சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது; இது போதை தருகிற மருந்து, பழகிவிட்டால் லேசில் விடாது என்றார். தங்கைக்கும் அங்கேயே எல்லாம் விளங்கிவிட்டது. வெந்நீர், எக்ஸ்ரே, துடைத்த மூலைகள், அத்தனையும்.

வீட்டுக்கு வந்து மாடிப்படியில் நின்றபடியே சொன்னாள்: "இனிமே பாப்பா உன்கிட்ட வர மாட்டா. நீ என்னமோ பண்ணிக்கோ. எம் புள்ளைய விட்டுடு."

அடுத்த வாரத்திலிருந்து பாப்பாவை மதியத்துக்கு ஒரு குழந்தைகள் காப்பகத்தில் விட்டார்கள். கடையில் வெட்டுத்துணி மூட்டை காலியாகக் கிடந்தது. அந்தக் குழந்தை மறுபடி தன் கைக்கு வர வேண்டும். அக்காவுக்கு அதன் பிறகு வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை.

ஆகவே வைத்தியம் பார்க்கக் கிளம்பினாள். முதலில் மனநோய் டாக்டர். அவர் கேள்விகள் கேட்டு, மேலே ஏறுவதும் கீழே இறங்குவதுமான இந்த மனசுக்கு ஒரு பெயர் சொல்லி, மாத்திரை எழுதினார். சிரப் என்று வாயெடுத்ததும் பேனாவை மூடிவிட்டார். "அது நம்ம பிரிவு இல்லம்மா. அதுக்குத் தனி எடம் இருக்கு. அத முதல்ல நிறுத்திட்டு வாங்க, அப்பத்தான் எது நோய், எது சிரப்புன்னு எனக்குத் தெரியும்." சரி, அந்தத் தனி இடத்துக்குப் போனாள். போதையை விட்டவர்கள் சேர்ந்து நடத்துகிற இல்லம். நல்ல மனுஷர்கள். தலைவர் ஒரு காலத்தில் குடித்தே சொத்தழித்தவர். இடிக்குரல், இளகிய மனசு. மனசு சம்பந்தப்பட்டது எங்களுக்குத் தெரியாதும்மா, அதை டாக்டரிடமே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள். அக்கா இரண்டாக நின்றாள். பாதி உடம்புக்கு ஒரு வாசல், மீதி உடம்புக்கு ஒரு வாசல்.

இல்லத்தில் அவள் நன்றாகவே தேறினாள். மூக்கு ஒழுகி, கால் குடைந்து, வயிறு பிடுங்கிய நாட்களைக் கடந்தாள். தினமும் எல்லோரும் எழுந்து நின்று, இன்றைக்கு என் உடம்புக்குள் எதுவும் போகவில்லை என்று சொல்வார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். அக்கா மட்டும் எழுந்து நின்று, பாதி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். எதுவும் போகவில்லை என்று எப்படிச் சொல்வது? காலையில் மாத்திரை போனதே! அவளுக்கு அது பொய்யாகப் பட்டது. சிரப்பும் தலையைத்தான் அடக்கியது, மாத்திரையும் தலையைத்தான் அடக்குகிறது, இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று தனக்குத்தானே வாதாடினாள். அவளை யாரும் தூண்டவில்லை. நேர்மையாக இருக்க வேண்டும் என்ற ஆசையே அவளுக்குக் குழி பறித்தது.

வீடு திரும்பிய அன்று தங்கை, தங்கை புருஷன் இருவர் முன்னாலும் மாத்திரை அட்டைகளைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். "இனி சிரப்பும் இல்ல, மாத்திரையும் இல்ல. நான் சுத்தம்."

"சபாஷ் அண்ணி!" என்று டிரைவர் கைதட்டினார். தங்கை அழுதாள், கட்டிப்பிடித்தாள். அடுத்த வாரம் பாப்பாவைக் கொஞ்ச நேரம் விடுகிறேன் என்றுகூடச் சொன்னாள். அறிவுள்ள ஜனங்கள் மூன்று பேர் ஒன்றுகூடி நின்று, பிடித்துக்கொண்டிருந்த கயிற்றை அறுத்துவிட்டுக் கொண்டாடினார்கள். தெரியாமல் செய்வதைத்தான் நாம் எப்போதும் இவ்வளவு குதூகலமாகச் செய்கிறோம்.

அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. அதற்குள் அக்காவுக்குத் தூக்கம் குறைந்தது. பேச்சு ஏறியது. ஒருநாள் காலை முதலாளி நூல்கண்டு வாங்க வெளியே போனார். திரும்பி வந்தபோது கடைக்குள் கால் வைக்க இடமில்லை. கொடியில் தொங்கிய அத்தனை துணியும் தரையில் கிடந்தன, எல்லாம் தையல் பிரிக்கப்பட்டு. பேண்ட்டின் கால் இரண்டும் தனித்தனி. ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டுக்குக் கை இல்லை, காலர் இல்லை, உள்துணி தனியாகக் கிடந்தது. நடுவில் அக்கா தையல் பிரிக்கும் கத்தியோடு, முகமெல்லாம் மின்ன உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாமே அடியிலயே தப்பா தச்சிருக்காங்க முதலாளி. நாமளும் இத்தனை நாளா அதுமேலயே ஒட்டுப் போட்டுட்டிருக்கோம். மொத்தத்தையும் பிரிச்சுட்டேன். சாயங்காலத்துக்குள்ள சரியா தச்சுடறேன். நீங்க உக்காருங்க, டீ சொல்லட்டுமா?"

முதலாளி உட்கார்ந்தார். உட்காராமல் வேறு என்ன செய்வார்? சாவிக்காரரைக் கூப்பிட்டுத் தங்கைக்குப் போன் போடச் சொன்னார். தங்கை வந்து சேர்வதற்குள் அக்காவுக்கே தன் வேகம் பயம் காட்டிவிட்டது. தலைக்குள் ஓடுவதை எப்படியாவது நிறுத்த வேண்டும். அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தெருமுனை மருந்துக்கடைக்கு ஓடினாள், இருமினாள், வாங்கினாள், அங்கேயே நின்று குடித்தாள். தங்கை வந்தபோது பாட்டில் கையில் இருந்தது.

"சுத்தம்னியே! எங்க எல்லார் காதுலயும் பூ சுத்திட்டியே!" தங்கை நடுத்தெருவில் கத்தினாள். தெருவே வேடிக்கை பார்த்தது. பிரித்துப்போட்ட துணியை அவள் பார்க்கவில்லை. பாட்டிலைத்தான் பார்த்தாள்.

பார்த்தது முதலாளி. முப்பது வருஷமாகத் தையலைப் பார்க்கிற மனுஷர். ஒரு தையல்கூட அவசரத்தில் கிழிக்கப்படவில்லை; எல்லாம் நூல் நூலாக, துணி நோகாமல் பிரிக்கப்பட்டிருந்தது. இது போதையில் செய்கிற காரியமில்லை, தலையில் வேறு ஏதோ ஓடுகிறது என்று தங்கையிடம் சொன்னார். வாடிக்கையாளர்களிடம் மெஷின் கோளாறு என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, வாரம் முழுக்க உட்கார்ந்து தைத்தார். வக்கீல் மட்டும் விடவில்லை. "மெஷின் கோளாறுல கோட்டு எப்படிங்க கழண்டு விழும்?" என்று குறுக்கு விசாரணை செய்தார். முதலாளி கோட்டை மடித்து அவர் கையில் கொடுத்தார். யூனிஃபார்ம் இடுப்புப் பிடிக்க வந்த ஒரு நர்ஸிடம் மட்டும் உள்ளதைச் சொன்னார். மனசையும் போதையையும் ஒரே இடத்தில், ஒரே டாக்டர் பார்க்கிற பிரிவு ஒன்று தங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று அந்த நர்ஸ்தான் சொன்னாள்.

ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில் ஒரு நீள அறை. காற்றாடி கடகடவென்று சத்தம் போடும். மேசைக்கு ஒரு பக்கம் டாக்டரம்மா, நர்ஸ், பேசிப் பார்த்து ஆலோசனை சொல்கிற ஒருவர், மூவரும் சேர்ந்தே உட்கார்ந்திருப்பார்கள். முதலாளி சொன்னபடி அங்கே போய் உட்கார்ந்ததும் அக்காவுக்கு, டாக்டர் முன்னால் உட்கார்ந்த பழக்கத்தில், இருமல் வந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நன்றாக இருமினாள். டாக்டரம்மா தண்ணீர் கொடுத்து, முடிகிறவரை காத்திருந்தார்.

"இங்க இருமாமலே கேக்கலாம்மா" என்றார் பிறகு.

அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. நர்ஸ் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்த சிரப் உங்களுக்கு என்ன செஞ்சுது?"

ஏன் குடிச்சே, எவ்வளவு குடிச்சே, வெட்கமா இல்லையா, இதுவரை எல்லோரும் கேட்டது இந்தக் கேள்விகளைத்தான். அது என்ன செய்தது என்று யாரும் கேட்டதில்லை. அக்கா யோசித்துச் சொன்னாள்: "தலைக்குள்ள மெஷின் ஓடும். அத நிறுத்துச்சு."

"அப்ப மெஷினையும் பாக்கணும், சிரப்பையும் பாக்கணும். ஒண்ண விட்டா இன்னொண்ணு இழுத்துட்டு வந்துடும். எது முதல்ல வந்துச்சுன்னு அப்புறமா சண்டை போட்டுக்கலாம். இன்னைக்கு ரெண்டையும் சேத்துத் தொடங்குவோம்."

அங்கே அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நாள் வார்டில் வைத்து சிரப்பை விட வைத்தார்கள். மனசுக்கு மாத்திரை கொடுத்தார்கள். அடிக்கடி ரத்தம் எடுத்து அளவு பார்த்தார்கள். மாத்திரையால் கை லேசாக நடுங்கியது, ஊசி கோக்கச் சிரமப்பட்டாள். சொன்னதும் அளவை மாற்றினார்கள். ஆலோசகர் அவள் வேலையை வைத்தே அறிகுறி கண்டுபிடிக்கச் சொல்லித் தந்தார். ஒரு ஜிப்பை மாற்றும்போதே மனசு நாலாவது ஜிப்புக்குப் போய்விட்டால், மேலே ஏறுகிறது என்று அர்த்தம், அன்றே வந்துவிட வேண்டும். முதலாளி மறுபடி சேர்த்துக்கொண்டார். தையல் பிரிக்கும் கத்தியை மட்டும் கொஞ்ச காலம் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். அக்கா கேட்டால் எடுத்துக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் கை நீட்டுவார்.

ஒருமுறை வழுக்கவும் செய்தாள். காப்பகத்தைத் தாண்டிப் போகும்போது வேலிக்குப் பின்னால் பாப்பா, "பெரிம்மா!" என்று கையாட்டினாள். ஆயாவுக்கு என்ன சொல்லி வைத்திருந்தார்களோ, பிள்ளையைத் தோளைப் பிடித்துத் திருப்பி உள்ளே கூட்டிப்போய்விட்டாள். அக்கா நேராக மருந்துக்கடைக்குப் போனாள். மறுநாள், இன்றோடு துரத்திவிடுவார்கள் என்ற எண்ணத்தோடு டாக்டரம்மா முன்னால் வந்து நின்றாள்.

"மாத்திரை போட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"இல்ல. சிரப் குடிச்சுட்டு எந்த முகத்தோட மாத்திரை போடறது?"

"மாத்திரைக்கு முகமெல்லாம் வேணாம்மா, வாய் போதும். அதுக்காகத் தப்புன மாத்திரைய மொத்தமா சேத்துப் போட்டுடாதீங்க. எப்பவாச்சும் வழுக்கிட்டா, நீங்களா முடிவு பண்ணாம உடனே இங்க வாங்க. இப்ப சொல்லுங்க, ஆயா திருப்புனதும் என்ன தோணுச்சு?" கதவைக் காட்டவில்லை, நாற்காலியைத்தான் காட்டினார். அக்கா அன்று அழுத அழுகையை நர்ஸ் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தங்கையை ஒருநாள் வரச் சொன்னார்கள். வந்தவள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இவளை எப்போ நம்பலாம்? அத மட்டும் சொல்லுங்க."

"அது எனக்குத் தெரியாதும்மா" என்றார் டாக்டரம்மா.

"உங்களுக்கே தெரியாதா? அப்ப என்ன வைத்தியம் இது?" என்று எழுந்துவிட்டாள் தங்கை. அவள் கோபத்தில் என்ன தப்பு? ஒருமுறை நம்பிப் பிள்ளையை ஆஸ்பத்திரியில் போட்டவள், இன்னொருமுறை நம்பி நடுத்தெருவில் நின்றவள். ஆனாலும் அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு வந்தாள். பாப்பாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் தான் உட்கார்ந்துகொள்வாள். தண்ணீர் குடிக்க எழுந்து போனால்கூடப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் போவாள். அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அக்கா மாத்திரை போட்டாள், ஜிப் மாற்றினாள், ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தாள்.

பிறகு ஊரெல்லாம் சளியும் காய்ச்சலும் பரவிய ஒரு வாரம் வந்தது. அக்காவுக்கும் பிடித்துக்கொண்டது. இருமல், அசல் இருமல்! அதைவிடப் பெரிய சோதனை அவளுக்கு வர முடியுமா? யார் நம்புவார்கள்? கீழே தங்கைக்குக் கேட்டுவிடுமே என்று தலையணையில் முகத்தைப் புதைத்து இருமினாள். குழாயைத் திறந்துவிட்டு இருமினாள். இல்லாத இருமலை ஊருக்கே கேட்கும்படி இருமியவள், இருக்கிற இருமலை விழுங்கி விழுங்கிக் கண் சிவந்து கிடந்தாள்.

இரண்டாம் நாள் மாலையில் கதவு தட்டப்பட்டது. தங்கை நின்றாள், தோளில் பாப்பா, கையில் மருந்துச் சீட்டு. பாப்பாவும் இருமிக்கொண்டிருந்தாள், குழந்தை டாக்டரிடம் காட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்கள். டிரைவர் பஸ்ஸை எடுத்துக்கொண்டு வெளியூர் போயிருந்தார்.

"வர்ற வழியிலயே வாங்கிருப்பேன், இவ அழுது தீத்துட்டா. மறுபடி தூக்கிட்டு அலைய முடியாது" என்று சீட்டை நீட்டினாள் தங்கை. "நீ போய் வாங்கிட்டு வந்துடறியா? நான் இவளப் பாத்துக்கறேன்."

தங்கையைப் பொறுத்தவரை அது சுலபமான கணக்கு. பிள்ளை தன்னிடம் இருக்கும், அக்கா கடைக்குப் போவாள். அக்கா சீட்டைப் பார்த்தாள். இருமலுக்குத்தான் எழுதியிருந்தது. அதற்குள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வெடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமித் தீர்த்தாள். தங்கையின் முகம் இறுகிப்போனது.

"இது நிஜ இருமல்டி" என்றாள் அக்கா, மூச்சு வாங்கியபடி. "நீ நம்ப வேணாம். ஆனா நான் கடைக்குப் போக மாட்டேன். கையில சீட்டு இருக்கு, நெஞ்சுல இருமல் இருக்கு. நடிக்கவே தேவையில்ல. உள்ள போனா பாப்பாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு வாங்கிடுவேன். சத்தியமா வாங்கிடுவேன். நீ போ. பாப்பாவ எங்கிட்ட விட்டுட்டுப் போ."

"விட்டுட்டா?"

"ஆமா. கடையிலதான் எனக்கு ஆபத்து. இங்க இல்ல. வேணும்னா தேடிப் பாரு."

தங்கை தேடினாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே தலையணையைத் தூக்கிப் பார்த்தாள், மெஷின் இழுப்பறையைத் திறந்தாள், கட்டிலுக்கடியில் குனிந்தாள், தண்ணீர்ப் பாட்டிலை முகர்ந்தாள். அக்கா சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவமானமாக இல்லை. நன்றாகத் தேடட்டும், இன்னும் நன்றாகத் தேடட்டும் என்றுதான் இருந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. தங்கை திறந்த இழுப்பறையை மூடினாள். பிறகு கட்டிலில் அக்காவை உட்காரச் சொல்லி, பாப்பாவை அவள் மடியில் கிடத்தினாள். காய்ச்சல் சூட்டோடு பாப்பா அக்காவின் கழுத்தைச் சுற்றிக்கொண்டாள்.

தங்கை படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது. பாதியில் நின்றது. மறுபடி மேலே ஏறி வந்தது. அவ்வளவுதான், மனசு மாறிவிட்டாள் என்று அக்கா நினைத்தாள். பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கத் தயாராகக் கையைத் தளர்த்தினாள்.

தங்கை வாசலோடு நின்றாள், உள்ளே வரவில்லை. "கடையில கூட்டமா இருக்கும், வர லேட்டானாலும் ஆகும்" என்றாள். "அவ தூங்கிட்டா எழுப்பாத."

அக்கா தளர்த்திய கையால் பாப்பாவை மறுபடி அணைத்துக்கொண்டாள். சரியென்று தலையாட்டினாள்.